யானைமலை எப்படி வந்தது, அங்கே யார் யார் இருந்தார்கள்?

மதுரை ஒத்தக்கடையில் வீடு பார்த்திருப்பதாகவும், மொட்டை மாடிக்குப் போனால் யானைமலைதான் கண்ணை நிறைக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அது பழைய எரிமலையா, வரலாறு என்ன, சமணர்களைக் கழுவேற்றியது அங்கேதானா, மலையை ஒட்டி மனை வாங்கலாமா என்று நான்கு கேள்விகள். நான்காவதுதான் உங்களுக்கு அவசரம் என்று புரிகிறது. ஆனால் அதற்குப் பதில் முதல் கேள்விக்குள்ளேயே இருப்பதால் வரிசையாகவே போகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இணையத்தில் 'ஆனைமலை' என்று தேடினால் பொள்ளாச்சிப் பக்கத்து மலைத்தொடர்தான் வரும், ஆனைமுடி, டாப்ஸ்லிப் எல்லாம் சேர்ந்தது. அது வேறு. நம்முடையது மதுரைக்கு வடகிழக்கே, மேலூர் சாலையோரம் தனியாகக் கிடக்கும் ஒற்றைப் பாறை. உங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையில் 'யா. ஒத்தக்கடை' என்று போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த 'யா' யானைமலைதான். ஊரே மலையை இனிஷியலாகப் போட்டுக்கொண்டிருக்கிறது.

மலை வடகிழக்கிலிருந்து தென்மேற்காக, சாலைக்கு ஏறக்குறைய இணையாக, மூன்று கிலோமீட்டருக்குக் குறையாமல் நீண்டிருக்கிறது. தலை மதுரையைப் பார்த்தபடி தென்மேற்கு முனையில். மாட்டுத்தாவணியிலிருந்து பஸ்ஸில் வரும்போது, முன்னங்கால்களை மடக்கித் துதிக்கையை நீட்டிப் படுத்த யானையாகத் தெரியும். மேலூர்ப் பக்கமிருந்து வந்தால் அந்த உருவம் அவ்வளவு சுலபமாகப் பிடிபடாது, நீளமான ஒரு பாறை முதுகு மட்டும்தான். ஆக, இதற்கு யானை என்று பெயர் வைத்தவர்கள் மதுரைப் பக்கமிருந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. 1906இல் வெளியான மதுரை மாவட்ட கெசட்டியரும் இதை முழுக்க மொட்டையான, ஒரே கெட்டிப் பாறையென்றுதான் வர்ணிக்கிறது. சரியான வர்ணனை. அழகர்மலை மாதிரிக் காடு போர்த்திய மலை இல்லை இது. சந்துகளில் கொஞ்சம் புதர், சுனையோரம் கொஞ்சம் பச்சை, மற்றபடி கல்.

எரிமலையா என்றால், இல்லை. எரிமலைக் குழம்பு வெளியே வந்து ஆறினால் கல்லில் கண்ணுக்குத் தெரியும்படி பெரிய மணிகள் பொதுவாக உருவாகாது. மலையடி ஊரான நரசிங்கம் பக்கம் போகும்போது அடிவாரத்தில் உதிர்ந்து கிடக்கும் ஒரு சில்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருப்பது ஃபெல்ஸ்பார், கண்ணாடி மாதிரி மங்கலாக இருப்பது குவார்ட்ஸ், வெயிலில் திருப்பினால் மினுங்கும் கறுப்புத் துணுக்குகள் பயோடைட் என்கிற மைக்கா. இந்தக் கறுப்பும் சிவப்பும் கலைந்து கிடக்காமல் வரிவரியாக, சில இடங்களில் பிசைந்த மாவுபோல் சுழித்து ஓடும். பூமிக்கு வெகு ஆழத்தில், பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் பாதி உருகிப் பாதி நெளிந்து உருமாறிய பாறை என்பதற்கு அந்தச் சுழிப்பே சாட்சி. இதை நைஸ் என்பார்கள். கட்டட வியாபாரத்தில் எல்லாமே கிரானைட்தான். தென்னிந்தியாவின் இந்தப் பகுதிப் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. டைனோசரெல்லாம் இதற்கு நேற்றுப் பிறந்த பிள்ளை.

ஆழத்தில் இருந்தது எப்படி மேலே வந்தது? இங்கேதான் பலரும் தவறாக நினைக்கிறார்கள். யானைமலை தரையைப் பிளந்துகொண்டு எழும்பவில்லை. அதன் மேலும் சுற்றிலும் இருந்த நிலம்தான் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மழையிலும் வெயிலிலும் தேய்ந்து இறங்கியது. வெடிப்பு அதிகமாக இருந்த பாறைக்குள் தண்ணீர் புகுந்து அரித்து மண்ணாக்கிவிட்டது. வெடிப்பு குறைந்த கெட்டிப் பகுதி அரிக்காமல் நின்றுவிட்டது. அப்படி மிஞ்சியதுதான் நீங்கள் பார்க்கும் யானை. திருப்பரங்குன்றமும், திண்டுக்கல் கோட்டை இருக்கும் பாறையும் இதே வகைதான். புவியியலில் எச்சக் குன்று என்பார்கள்.

மேலே இருந்த பாரம் நீங்கியதும் பாறை கொஞ்சம் விரிகிறது. விரியும்போது மேற்பரப்புக்கு இணையாக வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காகப் பிளந்து கழல்கிறது. யானையின் முதுகு இவ்வளவு வழவழப்பாக உருண்டிருப்பதற்கு இதுதான் காரணம். மலை ஏறும்போது சில இடங்களில் காலடியில் 'டொம்' என்று ஒரு வெற்றொலி கேட்கும். அங்கே மேல் அடுக்கு கழன்று, அடியில் விரற்கடை இடைவெளி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மாதிரி இடத்தின் விளிம்பில் உட்கார்ந்து செல்ஃபி எடுக்க வேண்டாம்.

இந்தப் பாறைத்தன்மை உங்கள் அன்றாடத்தில் இரண்டு விதமாகத் தெரியும். ஒன்று சூடு. பகலெல்லாம் வெயிலை வாங்கிக்கொண்ட கல் பொழுது சாய்ந்த பிறகும் அதை மெதுவாகத்தான் விடும். சித்திரை மாதத்தில் ஒருநாள் இரவு எட்டு மணிக்கு அடிவாரப் பாறையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் ஆறிக்கொண்டிருப்பதைப் போல் இருந்தது. இரண்டாவது தண்ணீர். மண் மூடிய மலையில் மழை பெய்தால் பாதியாவது உள்ளே இறங்கும். இங்கே இறங்க இடமே இல்லை. ஐப்பசியில் ஒரு நல்ல மழை அடித்தால் கால்மணி நேரத்துக்குள் யானையின் விலாவில் வெள்ளிக் கோடுகள் மாதிரி ஓடைகள் இறங்குவதைப் பார்க்கலாம். அவ்வளவு தண்ணீரும் ஒரே நேரத்தில் அடிவாரத்துக்கு வந்து சேரும். அதைப் பிடித்து வைக்கத்தான் சுற்றிலும் கண்மாய்களை வெட்டி வைத்தார்கள். மனை விஷயத்தில் இதற்குத் திரும்ப வருவேன்.

இனி வரலாறு. என்னைக் கேட்டால் இந்த மலையில் உள்ள மிகப் பழைய பொருள் எந்தச் சிலையும் இல்லை, அதன் பெயர்தான். யானைத் தலைப் பகுதியில், உச்சிக்குப் பக்கத்தில் இயற்கையாக அமைந்த ஒரு குகைத்தளம் இருக்கிறது. அதன் நெற்றியில் தமிழி எழுத்தில் (தமிழ்ப் பிராமி என்றும் சொல்வார்கள்) ஒரு கல்வெட்டு. அது தொடங்குவதே 'இவ குன்றத்து உறையுள்' என்றுதான். இவம், இபம் என்றால் யானை. யானைக்குன்றத்து வசிப்பிடம் என்று பொருள். தொடர்ந்து ஏரி ஆரிதன், அரட்ட காயிபன் என்று பெயர்கள் வருகின்றன. அவர்கள் அங்கே தங்கிய துறவிகளா, தங்க இடம் செய்து கொடுத்தவர்களா என்பதில் அறிஞர்கள் ஒரே மாதிரி பொருள் கொள்வதில்லை. ஆனால் முதல் சொல்லில் சண்டை இல்லை. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் இதைக் கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியதாகக் கணித்தார். அதாவது இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் போனவரும் நீங்கள் மாடியிலிருந்து பார்க்கும் அதே யானையைத்தான் பார்த்திருக்கிறார்.

அந்தக் குகைத்தளத்தில் சமணத் துறவிகளுக்கென்று கற்படுக்கைகள் செதுக்கியிருக்கிறார்கள். ஆள் நீளத்துக்குப் பாறையைச் சமப்படுத்தி, தலைமாட்டில் மட்டும் கொஞ்சம் உயர்த்தி விட்டிருப்பார்கள்; அதுதான் தலையணை. எனக்குப் படுக்கையைவிடப் பிடித்தது குகையின் மேல் விளிம்பில் வெட்டியிருக்கும் காடி. பாறையில் வழிந்து வரும் மழைத்தண்ணீர் விளிம்பைச் சுற்றிக்கொண்டு உள்கூரை வழியாகக் குகைக்குள் ஒழுகுமே, அப்படி ஒழுகாமல் அந்த இடத்திலேயே சொட்டி வெளியே விழும்படி ஒரு நீளப் பள்ளம். இன்றைக்கு நம் வீட்டு சன்ஷேடின் அடியில் கொத்தனார் ஒரு கோடு இழுத்து விடுகிறாரே, அதே வேலை, அதே காரணம்.

அதற்குப் பிறகு பல நூற்றாண்டு தாண்டி அடுத்த பெரிய அடையாளம் வருகிறது. மதுரையிலிருந்து வந்தால் ஒத்தக்கடை நான்கு வழிச் சந்திப்பில் வலப்பக்கம் போனால் திருமோகூர், இடப்பக்கம் போனால் நரசிங்கம். நரசிங்கத்தில் மலையின் காலடியைக் குடைந்து எடுத்த யோக நரசிம்மர் கோயிலுக்குப் பிரதோஷத்தன்று போனால் கூட்டத்தில் நிற்க இடம் கிடைக்காது. பெருமாள் கோயிலில் பிரதோஷக் கூட்டமா என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். கூட்டமில்லாத நாளில் போய் அங்குள்ள கல்வெட்டுகளைப் பாருங்கள். வடமொழியில் கிரந்த எழுத்தில் ஒன்று, தமிழில் வட்டெழுத்தில் (பழைய தமிழ் எழுத்து வடிவம்) ஒன்று. கலியுக ஆண்டு 3871 என்று வடமொழிக் கல்வெட்டில் கணக்கே கொடுத்துவிட்டார்கள், நம் கணக்கில் கி.பி. 770. தமிழகத்துக் குடைவரைகளில் இப்படித் துல்லியமாக ஆண்டு தெரிவது அபூர்வம். மற்றதற்கெல்லாம் தூணின் வடிவத்தையும் எழுத்தின் வளைவையும் வைத்து ஐம்பது வருஷம் முன்னே பின்னே என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தமிழ்க் கல்வெட்டு சொல்லும் செய்தி இது. பாண்டியன் மாறஞ்சடையனுக்கு, அதாவது பராந்தக நெடுஞ்சடையனுக்கு, உத்தரமந்திரியாக, அதாவது தலைமை அமைச்சராக, இருந்தவர் களக்குடியைச் சேர்ந்த வைத்தியர் குலத்து மாறன் காரி. மூவேந்தமங்கலப் பேரரையன் என்று பட்டம். அவர் இந்தக் கற்றளியை, அதாவது கற்கோயிலைச் செய்தார். ஆனால் 'நீர்த்தெளியாதே' சொர்க்கம் போய்விட்டார். குடமுழுக்குச் செய்வதற்குள் இறந்துவிட்டார் என்று அர்த்தம். அண்ணனுக்குப் பின் அதே உத்தரமந்திரிப் பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி, நீர் தெளித்து முடித்து வைத்தார். அவ்வளவுதான் கல்வெட்டு. வெற்றி முழக்கமோ எதிரிகளின் பட்டியலோ இல்லை. ஒரு வீட்டில் மூத்தவர் பாதியில் விட்டுப்போன வேலையை இளையவர் முடித்ததைக் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். 'நீர்த்தெளியாதே' என்கிற அந்த ஒரு சொல்லைப் பார்க்கும்போதெல்லாம், வீடு கட்டிப் புதுமனை புகுவதற்கு முன்னால் போய்விட்ட என் பெரியப்பா நினைவு வந்துவிடும்.

நரசிங்கம் கோயிலுக்கு அருகிலேயே லாடன் கோயில் என்று இன்னொரு சின்னக் குடைவரை உண்டு. முருகன் தெய்வானையோடு உட்கார்ந்திருக்கும் கோயில், சேவலும் மயிலும் செதுக்கியிருப்பார்கள். பெரும்பாலும் ஆள் இருக்காது. அமைதி வேண்டுமென்றால் அங்கே போங்கள்.

அப்புறம் அதே பக்கம் மலை மேல் கொஞ்சம் ஏறினால் சமணர் சிற்பங்கள். பெரிய பாறை ஒன்று முன்னால் துருத்திக்கொண்டு கூரைபோல் நிழல் கொடுக்க, அதன் முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள் எனும் சமண குருமார்களும் பிற சமண உருவங்களும். மகாவீரர், தலைக்கு மேல் நாகம் படமெடுத்த பார்சுவநாதர், கொடி படர்ந்த பாகுபலி, இயக்கி (பெண் காவல் தெய்வம்) அம்பிகா. சில உருவங்களில் பழைய சுதையும் (சுண்ணாம்புப் பூச்சு) வண்ணமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காலம் 9, 10ஆம் நூற்றாண்டு. ஒவ்வொன்றின் கீழும் யார் செய்வித்தது என்று வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். அச்சணந்தி என்கிற சமண முனிவரின் பெயர் வருகிறது. கீழக்குயில்குடி சமணர்மலைக்குப் போனாலும் இதே பெயரைப் பார்க்கலாம். மதுரைச் சுற்று வட்டாரத்தில் மலை மலையாகச் சுற்றியிருக்கிறார் மனிதர்.

இந்தக் கல்வெட்டுகளில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது, சிற்பங்களுக்குக் காவல் யார் என்பது. 'நரசிங்கமங்கலத்துச் சபையார் ரட்சை' என்று எழுதியிருக்கிறது. நரசிங்கமங்கலம் என்பது நரசிம்மர் கோயிலை ஒட்டிய பிராமணர் ஊர். அந்த ஊர்ச் சபைதான், தங்கள் தலைக்கு மேல் இருந்த சமணத் திருமேனிகளுக்குப் பாதுகாப்புப் பொறுப்பை ஏற்றிருக்கிறது. இன்னொன்றில் 'புரவுவரித் திணைக்களத்தார்' பெயர் வருகிறது. நிலவரிக் கணக்குப் பார்த்த அலுவலர்கள். நீங்கள் பட்டா மாறுதலுக்காகத் தாலுகா அலுவலகம் அலையும்போது, அவர்களுடைய முன்னோடிகள் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த மலையில் பெயர் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் பொறுமை வரும்.

இதோடு உங்கள் மூன்றாவது கேள்வியைச் சேர்த்துப் பார்க்கலாம். 7ஆம் நூற்றாண்டுச் சம்பந்தர், பாண்டிமாதேவிக்குத் தைரியம் சொல்லும் பதிகத்தில் 'ஆனைமாமலை ஆதியாய இடங்களில்' இருக்கும் சமணர்களுக்கு நான் எளியவன் அல்ல என்று பாடுகிறார். பாருங்கள், அப்போதும் யானைதான். சமணர் மலைகளைச் சொல்ல வந்தவருக்கு முதலில் வாயில் வந்ததும் இந்த மலைதான். ஆக இது அன்றைக்கு அவர்களின் முக்கியமான இடம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றினார்கள் என்ற செய்தி சம்பந்தரின் பாட்டில் இல்லை. சில நூற்றாண்டு கழித்து நம்பியாண்டார் நம்பி கழுவேற்றத்தைப் பாடுகிறார். 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார் அதை விரித்துச் சொல்கிறார். மதுரையைச் சுற்றிய 'எண்பெருங்குன்றம்' என்று வழங்கும் எட்டு மலைகளில் யானைமலையும் ஒன்று என்பதால், கதை இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டது. யானைமலையில்தான் கழுவேற்றினார்கள் என்று சொல்லக் கல்வெட்டுச் சான்று எதுவும் கிடையாது. சம்பந்தருக்கு இருநூறு வருஷம் பின்னால் இதே மலையில், ஊர்ச் சபையின் காவலோடு, சமணர்கள் புதிதாகச் சிலை வடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்குச் சான்று கண்ணெதிரே இருக்கிறது. வாதப்பகை இருந்தது, அரசாதரவு கை மாறியது, அது உண்மை. ஆனால் ஒரே நாளில் பூண்டோடு துடைத்தெறிந்தார்கள் என்ற சித்திரத்தை இந்தப் பாறை ஒத்துக்கொள்ளவில்லை.

ஊருக்குள் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். மதுரையை அழிக்கச் சமணர்கள் வேள்வி வளர்த்து ஒரு மாய யானையை ஏவினார்கள். சொக்கநாதர் வில்லாளியாக வந்து நரசிங்க அம்பை விட்டு அதை வீழ்த்தினார். விழுந்த யானை மலையானது, அம்பு நரசிம்மரானது. திருவிளையாடற் புராணத்தில் யானை எய்த படலம். மேற்கே நாகமலை அதே மாதிரி ஏவிய பாம்பு, தென்மேற்கே பசுமலை ஏவிய பசு. கதையாகக் கேட்டால் சைவ, சமணப் பகைதான் தெரியும். எனக்கு வேறொன்றும் தெரிகிறது. சிவன் விட்ட அம்பு விஷ்ணுவாக மாறுவது ஏன்? 770 முதலே அங்கே நரசிம்மர் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் கதை சொன்னவர் அவரைத் தள்ளிவிட முடியாமல் கதைக்குள் இடம் போட்டுக் கொடுத்திருக்கிறார். பெருமாள் கோயில்காரர்களும் சும்மா இருக்கவில்லை. மாசிப் பௌர்ணமியில் அங்கே, யானையைப் பெருமாள் காத்த கஜேந்திர மோட்சம் நடக்கும். ஆக மொத்தம், யார் வந்தாலும் அந்த யானையோடு ஏதாவது ஒரு கணக்குத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கிறது.

இனிப் புறநகர்க் கதை. ஒத்தக்கடை என்றால் ஒற்றைக் கடை, அவ்வளவுதான் ஊர். 1965இல் வேளாண்மைக் கல்லூரி வந்தது. பிறகு பேருந்து நிலையம் மாட்டுத்தாவணிக்குப் போனதும் ஊர் இந்தப் பக்கம் நகர ஆரம்பித்தது. 2004 ஜூலையில் உயர்நீதிமன்றக் கிளை உலகனேரியில் திறந்தார்கள், அதோடு நிலவரமே மாறிவிட்டது. வக்கீல் அலுவலகம், ஓட்டல், வாடகை வீடு, நான்கு வழிச் சாலை. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டருக்கு மெட்ரோ என்று திட்டம் போட்டதும் மனைத் தரகர்கள் அதையும் விளம்பரத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

மலைக்கும் ஆபத்து வராமல் இல்லை. மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகள் எத்தனை குன்றுகளை விழுங்கின என்று சாலையில் போனாலே தெரியும். யானைமலைக்கு வந்த ஆபத்து வேறு வேஷத்தில் வந்தது. 2010ஐ ஒட்டி, இந்த மலையைச் செதுக்கிச் சர்வதேச சிற்ப நகரம் ஆக்கலாம் என்று அரசுத் தரப்பில் ஒரு யோசனை கிளம்பியது. நரசிங்கம், ஒத்தக்கடை மக்கள் விடவில்லை. போராடினார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அந்தச் சூட்டில் பிறந்ததுதான் மதுரையின் பசுமை நடை அமைப்பு. மாதந்தோறும் ஒரு மலையையோ பழைய இடத்தையோ தேர்ந்தெடுத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். இந்தப் பழக்கம் வீண் போகவில்லை. 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டி இதே மேலூர்ச் சாலைப் பக்கம்தான். 2024 நவம்பரில் அந்தப் பகுதியை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்ததும் ஊர் ஊராக எழுந்து, 2025 ஜனவரியில் அது ரத்தாகும் வரை ஓயவில்லை.

சரி, மனை. வாங்கலாம், ஆனால் மலையைப் பார்த்து வாங்குங்கள். மேலே சொன்ன மழைநீர் எந்த வழியாக இறங்கி எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்பதுதான் முதல் கேள்வி. மாசியிலோ பங்குனியிலோ மனை பார்க்கப் போனால் எல்லா இடமும் மேட்டு நிலமாகத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை முடிந்த ஒரு மணி நேரத்தில் போய் நில்லுங்கள். தண்ணீர் தானாகவே தன் பாதையைக் காட்டிவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் கோடையில் வாங்கினார். 'மலை வியூ' என்று சொல்லி விற்றார்கள். முதல் மழைக்கே வாசலில் முழங்கால் தண்ணீர். பிறகுதான் நில அளவை வரைபடமான புலப்படத்தை எடுத்துப் பார்த்தார். பக்கத்து மனைக்கும் இவர் மனைக்கும் நடுவில் ஓடை என்று கோடு தெளிவாக இருந்தது. தரையில் அந்த ஓடை இல்லை, மண்ணடித்துத் தார் ரோடு ஆகியிருந்தது. ஆகவே வில்லங்கச் சான்று, டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்புத் துறை) அங்கீகாரம் இவற்றோடு நிற்காமல், கிராமக் கணக்கில் நில விவரம் இருக்கும் 'அ' பதிவேட்டையும் எஃப்.எம்.பி. எனும் புலப்படத்தையும் கேட்டு வாங்கி, சுற்றியுள்ள புல எண்களில் ஓடை, கண்மாய், புறம்போக்கு என்று எங்கே வருகிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, போர்வெல். கெட்டிப் பாறைக்குள் தண்ணீர் இருக்காது, வெடிப்புகளில்தான் ஓடும். அந்த வெடிப்பு உங்கள் மனைக்கு அடியில் போகிறதா என்பது அதிர்ஷ்டம். பக்கத்து வீட்டில் தண்ணீர் வந்தது என்பதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் கண்மாய் உயிரோடு இருந்தால் நம்பிக்கை கூடும். அதை மூடிவிட்டுத்தான் லே-அவுட்டே போட்டிருக்கிறார்கள் என்றால் குறையும். மூன்றாவது, குடைவரைக்கும் சிற்பங்களுக்கும் மிக அருகில் போகாதீர்கள். மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம் என்றால் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது, அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் கட்ட முன் அனுமதி வேண்டும். மாநிலத் துறையின் கீழ் உள்ள சின்னத்துக்கு விதி தனி. மனையின் புல எண்ணைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பிறகு முன்பணம் கொடுங்கள். தரகர் 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

குடிவந்த பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை சமணர் சிற்பங்களுக்குப் போகலாம், படி இருக்கிறது, சிரமமில்லை. உச்சிக் குகைத்தளத்துக்கு மட்டும் வழி தெரிந்த நரசிங்கத்து ஆள் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஈரப்பாறையில் ஏற வேண்டாம், காலை ஒன்பதரைக்குள் இறங்கிவிடுங்கள். வட்டெழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்து கண்ணுக்குத் தெரிய ஒரு வழி உண்டு. டார்ச்சை நேராக அடிக்காமல் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், வெட்டிய பள்ளங்களில் நிழல் விழும். மாவோ சுண்ணாம்போ தேய்த்துப் படமெடுப்பவர்களைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். ஏற்கெனவே சில உருவங்களின் முழங்காலுக்கு மேல், ஆயில் பெயின்டில் இரண்டு காதலர்களின் பெயர்கள் இருந்தன. போன தடவை யாரோ சுரண்டியிருந்தார்கள், பெயரோடு சேர்ந்து பழைய சுதையும் கொஞ்சம் போய்விட்டது.